மீட்டருக்கு எதிரே ஒரு நாற்காலி

புது ஃபிரிட்ஜின் மோட்டார் உறுமியதும் என் கை தானாகப் போய் ஃபேனை நிறுத்தியது.

அறுபதுகளில் உத்திரமேரூரில் எங்கள் வீட்டு வழக்கம் அது. அரிசி மில் வைத்திருந்த எங்கள் அப்பா, நைனா, ஆசையாக ஃபிரிட்ஜை வாங்கிவிட்டார். பிறகு கரண்ட் பில்லுக்குப் பயந்து மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மோட்டார் ஓடினால் மீட்டர் சக்கரமும் வேகமெடுக்கும்.

"இன்னா வேகமா சுத்திக்கினு கீது பாரு!" என்று கத்துவார். அம்மா ஓடிப்போய் ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்துவாள். மோட்டார் அடங்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம்.

ஒரு பங்குனி மதியம் தங்கைக்குக் காய்ச்சல் ஏறி, கண் செருகிவிட்டது. நெற்றியில் ஐஸ் வைக்கச் சொன்னார் டாக்டர். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர். காலையிலேயே நைனா பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.

அம்மா தட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

நைனா பிளக்கை மாட்டிவிட்டு மீட்டருக்கு முன்னால் வந்து நின்றார். பயத்தில் நான் ஃபேனை நிறுத்தினேன். அவர் சக்கரத்தையே வெறித்துப் பார்த்தார்.

"இன்னாடி இது, இவ்ளோ மெதுவா சுத்துது?"

இன்று, தன் பேரனுக்கு ஐஸ் எடுக்க வந்த தங்கை என்னைப் பார்த்தாள்.

"இந்தப் புழுக்கத்துல ஃபேன ஏண்ணா நிறுத்தன?"