முறிகண்டியில் நிற்காத குற்றம்

எங்கள் வீட்டில் வாகனம் ஓடுகிறவள் நான். என் கணவர் உழவு இயந்திரத்தில் ராசா. முரசுமோட்டையில் எந்த வரம்பையும் கண்ணை மூடிக்கொண்டு ஏறி இறங்குவார். ஆனால் கண்டி வீதியில் பின்னால் ஒரு பஸ் வந்து ஹோன் அடித்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால் வவுனியாவில் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கியபோது அதன் திறப்பு, அதாவது சாவி, என் கைக்கு வந்தது. கிழமைக்கு இரண்டு நாள் கத்தரிக்காயும் பயற்றங்காயும் ஏற்றிக்கொண்டு வவுனியாச் சந்தைக்குப் போய்வருவேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோசம் கலியாண வீட்டில்கூட இருந்ததில்லை.

கண்டி வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்ட மாட்டார்கள். இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, திருநீறை நெற்றியிலும் வாகனத்தின் முகத்திலும் பூசி, ஒரு சுருள் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் மறுபடி ஏறுவோம். ஒருநாள் எனக்குச் சந்தைக்குப் பிந்திவிட்டது. "பிள்ளையாரப்பா, வரேக்கை நிக்கிறன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்லிவிட்டு, விட்டேன் ஒரு ஓட்டம். மாங்குளம் வர முன்னரே இயந்திரம் நின்றுவிட்டது.

இருமவில்லை, குலுங்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, நின்றது, அவ்வளவுதான். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த லொறிக்காரன் என் பரம்பரை முழுவதையும் விசாரித்துக்கொண்டு விலத்திப் போனான். எப்படி ஓரம் கட்டினேன் என்று எனக்கே தெரியாது. அரை மணித்தியாலம் கழித்துத் திறப்பைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் இயங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"முறிகண்டியிலை நிண்டனீரோ?"

பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளையார் விசயத்தில் பொய் சொல்ல எனக்கும் பயம். "இல்லை" என்றேன்.

"பிறகென்ன?" என்றார். விசாரணை அத்தோடு முடிந்தது.

அடுத்த கிழமை முறிகண்டியில் இரண்டு தேங்காய் உடைத்தேன், ஒன்று பழைய குற்றத்துக்கு, மற்றது அன்றைய பயணத்துக்கு. பிக்கப் கனகராயன்குளத்தில் நின்றது.

"தேங்காய் எப்பிடி உடைஞ்சது?"

"ஒண்டு கொஞ்சம் கோணலா."

"அதுதான்!"

கிளிநொச்சி கராச்சில் காட்டினோம். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லி பில்டரை மாற்றினார்கள், இனி நிற்காது என்றார்கள். அதற்குப் பிறகு கிளிநொச்சிச் சந்தை வாசலில், ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்திருக்க, மூன்றாம் முறை நின்றது. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. எங்கள் பக்கமிருந்து போனால் முறிகண்டிக்கு முன்னமே கிளிநொச்சி வந்துவிடும். தாண்டாத கோயிலைக் குற்றம் சொல்ல முடியாது. மிஞ்சியது நான்.

"உமக்குக் கிளச் மிதிக்கிற பதம் தெரியேல்லை. அதுதான் நிக்குது" என்றார் அவர். தேத்தண்ணிக் கடையில் போய்ச் சொன்னார். கடையும் ஆமோதித்ததாம். பொம்பிளை ஓடினால் வாகனத்துக்கே விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னாராம். திறப்பு அவருடைய சேட்டுப் பைக்குள் போய்விட்டது. மரக்கறி யாரோ ஒருவரின் லொறியில் வவுனியாவுக்குப் போனது. நான் வீட்டில் இருந்தேன்.

கோபத்தில் அவரோடு நான்கு நாள் கதைக்கவில்லை. அதைவிட மோசம், எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. குசினியில் கறிக்குத் தாளித்துக்கொண்டு நிற்கும்போது இடது காலால் கிளச் மிதித்துப் பார்ப்பேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு அழுகை வரும்.

இரண்டு மாதம் கழித்து வவுனியா வியாபாரி, நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர், தொலைபேசியில் அழைத்தார். என் கணவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"தங்கச்சி, உங்கட பிக்கப்புக்குக் கொம்பனியில இருந்து என்ட விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. அந்த மொடல் எல்லாத்திலயும் டீசல் பம்பு பிழையாம். ஓடிக்கிட்டிருக்கும்போதே எஞ்சின் நிண்டுபோகுமாம். கொண்டு போனா வேற பம்பு போட்டுத் தருவாங்களாம்."

நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"நானா, ஓடுற ஆளிலை பிழையெண்டு அதிலை ஏதும் எழுதிக் கிடக்கோ?"

"இல்லையே! பம்பிலதான் பிழையெண்டு இருக்கு."

"இன்னொருக்கா வாசியுங்கோ. கொஞ்சம் உரத்து வாசியுங்கோ."

அந்த நல்ல மனுசன் உரத்து வாசித்தார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "கடிதம் எழுதினவன் முறிகண்டியைக் கண்டவனோ?" என்று கேட்டார்.

பம்பு மாற்ற வவுனியாவுக்குப் போகவேண்டும். தானே ஓடுவதாகப் பிடிவாதமாக நின்றார். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். முறிகண்டியில் மூன்று தேங்காய் உடைத்தார். மூன்றும் அளந்து வெட்டியதுபோல் சரிபாதியாகப் பிளந்தன. என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாகனத்தின் முகத்தில் வெள்ளையடித்ததுபோல் திருநீறு பூசினார்.

புளியங்குளத்துக்குக் கிட்ட, ஒரு வளைவில், பிக்கப் நின்றது.

இந்த நேரத்துக்கென்று இரண்டு மாதமாக நான் வசனம் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தேன். இறுகிப்போன ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வாய் திறந்திருக்க, கண் வெட்டாமல் இருந்தார். பின்னால் பஸ் ஒன்று ஹோனை அமத்திப் பிடித்தபடி வந்தது.

"இழுங்கோ! என்னோடை சேர்ந்து இழுங்கோ! பிரேக்கிலை கால் இருக்கட்டும்!"

நான்கு கைகளும் சேர்ந்து இழுத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தோம். பஸ் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. அவருக்குத் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"மூண்டு தரமும் இப்பிடித்தானோ?"

"ஓம்."

"தனியவோ?"

"ஓம்."

அரை மணித்தியாலம் கழித்து இயந்திரம் இயங்கியது. வவுனியா வரைக்கும் ஊர்ந்துகொண்டு போனோம்.

கொம்பனியின் வேலைத்தலத்தில் ஒருவர் படிவத்தோடு வந்தார். வழக்கம்போல ஆம்பிளையைப் பார்த்தே கேட்டார்.

"ஐயா, எத்தினை தரம் நிண்டது? எந்தெந்த இடத்திலை, எப்பிடி நிண்டதெண்டு சொல்லுங்கோ, எழுதவேணும்."

அங்கே ஏழெட்டு ஆண்கள் தங்கள் வாகனங்களுக்காகக் காத்திருந்தார்கள். என் கணவர் அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்.

"அவவைக் கேளுங்கோ. எங்கடை வீட்டிலை அவதான் வாகனம் ஓடுறவ. நான் இண்டைக்கு ஒருநாள்தான் ஓடினனான். அவ இல்லாட்டி நாங்கள் இப்ப பஸ்ஸுக்குக் கீழை."

நான் மாங்குளத்தில் தொடங்கினேன். லொறிக்காரனை விடவில்லை, பில்டரை விடவில்லை, சந்தை வாசலையும் விடவில்லை. கனகராயன்குளத்திலேயே படிவத்தில் இடம் முடிந்துவிட்டது. எழுதுகிறவர் பேனையை மூடப் பார்த்தார். என் கணவர் எழும்பிப் போய் அவருக்கு இன்னொரு தாள் வாங்கிக்கொண்டு வந்தார்.