கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கம்ப்யூட்டரின் வாயை மூடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் கீபோர்டில் இருந்தேன். அம்மா கேபினட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்றாள்.

அதற்குக் காய்ச்சல்தான். எண்பத்து நான்கு டிகிரி. ஃபேன் சத்தம் மைக்கில் ஏறக் கூடாதென்று ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தாள். காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறி, ஃபேன் இன்னும் கத்தியது. அதற்காக இரண்டாவது கம்பளி. சித்திரை மாதம், அருப்புக்கோட்டை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சென்னையில் சர்வர்களைக் குளிர வைப்பதற்கு நான் சம்பளம் வாங்குகிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அம்மா பெயர் ஜெகதீஸ்வரி. பெயர் பலருக்குத் தெரியாது. குரல் திருச்சுழி வரைக்கும் தெரியும். அப்பா மைக் செட் வைத்திருந்தார். ஒரு தேர்தலில், பேச வேண்டிய ஆள் நிதானத்தில் இல்லை. அம்மா மைக்கை வாங்கினாள். திருப்பித் தரவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன், அப்பா போனபின் ஆம்ப்ளிஃபயரை விற்று இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினாள். கடைத் திறப்பு, காணாமல் போன ஆடு, மரண அறிவிப்பு எல்லாம் அவள் குரலில் ஆட்டோ ஏறிப் போயின.

வீட்டுக்கு மூன்று பக்கமும் விசைத்தறி. கரண்ட் போனால்தான் தறி நிற்கும். ஆகவே ஊரில் மின்வெட்டை விரும்பிய ஒரே மனுஷி அம்மா. பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பாள், ஏதோ கோயில் கொடை நாள் மாதிரி. அன்று யூபிஎஸ் பேட்டரியில் கம்ப்யூட்டர் எட்டு நிமிடம் ஓடும். அது எழுந்து உட்காரவே மூன்று நிமிடம். மிச்ச ஐந்தில் தடுமாறாமல் பேசி முடிக்க வேண்டும். ஊர் அதைத் திறமை என்றது.

போனில் பதியலாமே என்று கேட்டிருக்கிறேன்.

"போன்ல பேசுனா அது பேச்சு. மைக்ல பேசுனாத்தான் அறிவிப்பு."

லேப்டாப் வாங்கித் தருவதாக மூன்று தீபாவளிக்குச் சொன்னேன். சொல்வதில் குறை வைக்கவில்லை.

மல்லாங்கிணறு அய்யப்பன் வேனில் ஊர் ஊராகப் பிளாஸ்டிக் குடம் விற்பவர். மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டரே பேசும் குரலுக்கு மாறிய பிறகு, அம்மாவுக்கு மிஞ்சிய ஒரே நிரந்தர வாடிக்கை. அவரும் முந்தின வாரம் போன் போட்டிருந்தார்.

"யக்கா, உங்க குரலுக்குப் பின்னாடி கர்ர்ருனு ஒண்ணு வருது. சனங்க மிக்ஸி விக்க வந்திருக்கேன்னு நெனைக்காக. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள சுத்தமா ஒண்ணு குடுங்க. இல்லாட்டி நானும் கம்ப்யூட்டர் குரலுக்குப் போயிர்றேன்."

அதற்குத்தான் அம்மா என்னை வரச் சொன்னாள். தனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குவதற்குக் கூப்பிடவில்லை. கர்ர்ருக்குக் கூப்பிட்டாள்.

கம்பளிகளை எடுத்தேன். தூசியை ஊதினேன். ஒரு தலையணைக்கு ஆகும் அளவு பஞ்சு வந்தது. மெஷின் எழும்போதே டெலீட் பட்டனைத் தட்டி, உள்ளே இருக்கும் அமைப்புகளைத் திறந்தேன். வேலை இல்லாத நேரத்தில் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி அணைக்கப்பட்டிருந்தது.

"கடைக்காரப் பய ஃபுல் ஸ்பீடுல வச்சுத் தந்தான். கொறைச்சா மந்தமாயிராதா தாயி?"

"நீ பேசும்போது அது என்னம்மா வேலை பாக்குது?"

"கேட்டுக்கிட்டு இருக்கு."

"கேக்குறதுக்கு எதுக்கு இம்புட்டு ஓட்டம்?"

"உங்கப்பாவும் அப்படித்தான். சும்மா கேட்டுக்கிட்டு இருக்கதுக்கே மூச்சு வாங்குவாக."

வசதியை இயக்கினேன். விண்டோஸில் பிராசஸரின் குறைந்தபட்ச அளவு நூறு சதவீதத்தில் இருந்தது, ஐந்து ஆக்கினேன். அதிகபட்சத்தைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினேன். அந்த ஒரு சதவீதம் குறைந்தால், தேவையில்லாத நேரத்தில் அது எகிறிக் குதிக்காது. சற்று நேரத்தில் ஐம்பத்தொரு டிகிரி. ஃபேன் சுற்றுகிறதா என்று அம்மா குனிந்து பார்த்தாள். மொத்தம் இருபது நிமிட வேலை. ஒன்பது வருடமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை கரண்ட் நிறுத்தம். சாயங்காலம் போன் செய்தாள்.

"பேட்டரி பத்தொம்பது நிமிசம் தாங்குச்சு தாயி. ஏழு நிமிசத்துல பேசி முடிச்சிட்டேன். மிச்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். அம்புட்டு அமைதி. நீயும் இருந்திருக்கலாம்."

நான் மீட்டிங்கில் இருந்தேன். "சரிம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, காப்பி கலக்கும்போது விழுந்தாள். நெஞ்சு.

மரண அறிவிப்புக்கு ஆட்டோ பிடித்தார்கள். பேசுகிறவள் பிரீசர் பெட்டிக்குள் இருந்ததால், கம்ப்யூட்டர் குரலைப் போட்டார்கள். அது ஜெக, தீஸ்வரி என்று அம்மாவை இரண்டு பேராக்கியது. 'இயற்கை எய்தினார்' என்பதை ஆடித் தள்ளுபடி மாதிரி சந்தோஷமாகச் சொன்னது. பின்னணியில் சத்தம் மட்டும் இல்லை. மிகச் சுத்தம்.

கர்ர்ர் சத்தம் பிரீசர் பெட்டியில் இருந்தது. ஃபேனில் தூசி. ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். பெரியம்மா மகள் முனீஸ்வரி, "அழுகணும்னா அழுதிரு, அதப் போயி ஏன் நோண்டுற?" என்றாள். துடைத்து முடித்தபின் சத்தம் பாதியாகக் குறைந்தது.

மூன்றாம் நாள் அம்மாவின் கைப்பையைத் திறந்தேன். பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று, ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல். பஸ்ஸுக்குச் சில்லறை. காகிதத்தில் மடித்த பென்டிரைவ். அய்யப்பன் வேனில் பென்டிரைவ்தான் ஏறும். அதனால் எப்போதும் நேரில் கொண்டு போய்க் கொடுப்பாள்.

கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். குடம், அண்டா, வாளி, மூடி. அம்மாவின் குரல். அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

காகிதத்தில் அவள் கையெழுத்து: 'அய்யப்பன். வெள்ளி. 7.40 மல்லாங்கிணறு பஸ்.'

அம்மா விழுந்த அன்றைக்கு அந்த பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது. விசாரித்தேன்.