மார்பில் வைத்த மைப்புள்ளிகள்

என் மூத்த நாத்தனாரின் இரண்டாவது மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பம்பரம் என்போம். உட்கார்ந்தாலும் அவள் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். புருஷனும் அவளும் சலவைக் கடை நடத்தினார்கள். வெள்ளைச் சட்டையில் மைக்கறை என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் பகலில் அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கு நானும் கூட ஓடினேன். மாரடைப்பு என்றார்கள். ஈசிஜி எடுக்கும் பெண் மார்பில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துவிட்டு, ஒட்டிய இடங்களில் பேனாவால் புள்ளி வைத்தாள். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள்.

டாக்டர் படத்தைக் காட்டினார். "இந்தக் கோடு மேல தூக்கிட்டு நிக்குது பாருங்க. மருந்து வேலை செஞ்சா பாதியாவது இறங்கணும். இறங்கலைன்னா இதயத் தசை செத்துக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எடுப்போம்."

பம்பரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள். கட்டிலைத் துடைத்தாள்.

"சும்மா உட்காரேன்டி," என்றேன்.

"உட்கார்ந்தா பயமா இருக்கு அத்தை."

"விடுங்க அத்தை," என்று முனகினான் அவன். "விட்டா டாக்டரோட வெள்ளைக் கோட்டையும் கழட்டித் துவைச்சிடுவா."

நான் தண்ணீர் வாங்கி வந்தபோது ஈசிஜி பெண் மறுபடி வந்திருந்தாள். சட்டையை விலக்கினால் மார்பு பளிச்சென்று இருந்தது.

"புள்ளியெல்லாம் எங்க?" என்றாள் அந்தப் பெண்.

"மையா? வேர்வையில வழிஞ்சுது. பஞ்சால துடைச்சுட்டேன்."

"அக்கா, அது அடையாளம். அதே இடத்துல ஒட்டினாத்தான் ரெண்டு படத்தையும் ஒப்பிட முடியும்."

பம்பரம், "இங்கதான் இருந்துச்சு," என்று விரல் வைத்தாள். உடனே விரலைத் தள்ளி வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

உத்தேசமாக ஒட்டி எடுத்தார்கள். டாக்டர் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "கோடு இறங்கின மாதிரிதான் இருக்கு. நிஜமா இறங்குச்சா, ஒட்டின இடம் மாறினதால அப்படித் தெரியுதான்னு சொல்ல முடியலை. வலி எப்படி இருக்கு?"

"போயிடுச்சுங்க," என்றான் அவன், பெண்டாட்டி முகத்தைப் பார்த்தபடி.

"பொய் சொல்றார் டாக்டர். வலி இல்லாதவர் கட்டிலை ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கார்?" என்றவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் துடைச்சது தப்புதான். அதை மறைக்கறேன்னு நீங்க போய்ச் சேர்ந்துடாதீங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு."

டாக்டர் மேற்கொண்டு யோசிக்கவில்லை. ஆம்புலன்ஸை வரச்சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பைத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயத்தின் ஒரு ஓரம் செத்துவிட்டதாம். கடையிலிருந்து வருவதற்குள்ளேயே செத்ததா, அந்தப் படத்தை வைத்துக் குழம்பிய நேரத்திலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பம்பரம் ஒவ்வொரு டாக்டரிடமும் கேட்டாள். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோதும் கேட்டாள்.

"கேட்டது போதும். வா, கடை திறக்கணும்," என்று அவன் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

ஆஸ்பத்திரிப் படியில் பாதி இறங்கியவள், கையை உதறிக்கொண்டு மறுபடி மேலே ஏறிப் போனாள்.