பாதி டேங்க்கில் நிற்கும் வண்டி

மரப்பட்டறைக்காரர் மனைவியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘ஏன் அக்கா’. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். புருஷனைக் கூப்பிடும் ‘ஏங்க’விலும் பாதி கேள்விதான் என்று பட்டறை ஆட்கள் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தவள். திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு மிஞ்சியது, ஆனாலும் கடிகாரம் ஓடியது. அப்படியானால் அந்தத் திருகு எதற்கு என்று பல நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள்.

பட்டறையில் செய்யும் கதவு, ஜன்னல்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினார்கள். புருஷனுக்கு ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும். அதனால் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

சில வருஷம் ஒழுங்காக ஓடிய வண்டி திடீரென்று மக்கர் பண்ண ஆரம்பித்தது. பாரத்தோடு மேட்டில் ஏறும்போது இருமும், தடுமாறும், நின்றுவிடும். டேங்க்கில் டீசல் இருக்கும். போன் செய்தால் மெக்கானிக் பைக்கில் வருவார். கையோடு கொண்டுவந்த கேன் டீசலை ஊற்றுவார். ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அமுக்கி, நுரை அடங்கித் தெளிந்த டீசல் வரும்வரை உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவார். வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். ஒருமுறை ஃபில்டரை மாற்றினார். இன்னொருமுறை டியூப்களை எல்லாம் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டதாகத்தான் நினைத்தார்கள்.

கடைசியாக அது நின்றது செங்குத்தான மேட்டின் நடுவில். வண்டி பின்னால் உருள, கட்டியிருந்த கதவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அவள் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கே வண்டியை விற்க ஆள் பேசிவிட்டார். வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

விற்பதில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் தெரியாமல் விற்பதுதான் பொறுக்கவில்லை. வண்டி நின்ற இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். டேங்க் நிரம்பி இருந்தபோது அது ஒருநாளும் நின்றதில்லை. டீசல் அளவு காட்டும் முள் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் எல்லாக் கூத்தும். மறுநாள் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள்.

“தம்பி, ஒவ்வொரு தடவையும் முதல்ல கேன் டீசலத்தானே ஊத்துறீங்க? வண்டி அதனால ஓடுதா, நீங்க காத்த எடுத்ததனால ஓடுதா?”

மெக்கானிக் கை துடைப்பதை நிறுத்தினார். “என்னக்கா கேக்குறீங்க? டேங்க்லதான் ஏற்கெனவே டீசல் கெடக்கே. அது தீர்ற வரைக்கும் ஓடணும்ல?”

“ஓடணும்ல? அப்புறம் ஏன் ஓடல?”

அந்தக் கேள்வி அவரையும் தொற்றிக்கொண்டது. டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே, உள்ளே ஓடுவது தெரியட்டும் என்று ஒரு கண்ணாடி டியூபை மாட்டினார். டேங்க்கை நிரப்பி இன்ஜினை ஓடவிட்டபோது டீசல் தெளிவாக ஓடியது. பிறகு பாதிக்கும் கீழே வடித்துவிட்டுப் பார்த்தார்கள். டியூபில் குமிழ் குமிழாகக் காற்று போனது. இரண்டு பேரும் தலையோடு தலை இடிக்கக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டேங்க்கை இறக்கினார்கள். உள்ளே அடிவரை போகும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்துத் துடைத்தபோது, அதன் நடுவில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை தொந்தரவு இல்லை. கீழே இறங்கினால், மேட்டில் சரிந்தால், விரிசல் வெளியே வந்து காற்றை உறிஞ்சிவிடுகிறது.

தகவல் தெரிந்து புருஷன் வேகவேகமாக வந்தார். அவள் குழாயின் ஒரு முனையை விரலால் அடைத்து, மறுமுனையில் அவரை ஊதச் சொன்னாள். விரிசல் இருந்த இடத்தில் அவர் ஒரு கையை வைத்துக்கொண்டு ஊதினார். காற்று உள்ளங்கையில் பட்டது. மறுபடி ஊதிப் பார்த்தார். பிறகுதான் கவலை வந்தது.

“ஞாயித்துக்கிழமை வர்றவங்ககிட்ட என்னத்தச் சொல்றது?”

“வண்டியில டேங்க்கே இல்லன்னு சொல்லுங்க. பொய் இல்லையே.”

அவர் சிரித்துவிட்டு, அவர்களை வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

டேங்க் அடியில் கிடந்த சேற்றைக் கழுவி, புதுக் குழாய் மாட்டினார்கள். முள் பாதிக்கு ரொம்பக் கீழே இருக்கும்போது, அதே பாரத்தோடு, அதே மேட்டுக்குப் போனார்கள். மெக்கானிக்கும் பின்னால் கதவுகளோடு ஏறிக்கொண்டார். வண்டி முனகிக்கொண்டே ஏறியது, இருமவில்லை. உச்சியில் நிறுத்தி, மூன்று பேரும் இறங்கி இன்ஜின் சத்தத்தைக் கேட்டார்கள்.

திரும்பும்போது புருஷனின் கண் முள்ளை விட்டு நகரவில்லை. “இன்னும் கொஞ்சம் எறங்கட்டுமே. எதுவரைக்கும் ஓடுதுன்னு பாத்துரலாம்.”

“சும்மா இருங்க. வறண்டு போச்சுன்னா மறுபடியும் காத்து ஏறிக்கும்,” என்று சொல்லி அவள் டீசல் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பினாள்.