சரசக்காவின் கடைசிச் சணப்பு

சரசக்கா இறந்துவிட்டார். காலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே... சாயங்காலம் அடக்கம் முடிந்து வந்து எழுதுகிறேன்.

அன்னூரில் என் விதைக்கடைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், துணிந்து ஒரு சரிவான புன்செய்க் காட்டைக் குத்தகைக்குப் பிடித்தார்.

அந்தக் காட்டை யாரும் சீண்டாத காலம் அது. மழை பெய்தால் மேல்மண் கரைந்து கீழே தார் ரோட்டில் வந்து கிடக்கும். பைக்கில் போகிறவன் வழுக்கி விழுவான்.

அக்கா என்னிடம் வாங்கியது சணப்பு விதை. சரிவுக்குக் குறுக்கே விதைப்பார். பூவெடுக்கும் சமயத்தில் செடியோடு மண்ணுக்குள் மடக்கி உழுதுவிடுவார். பசுந்தாள் உரம்... நிற்கும்வரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மடக்கிய பிறகு மண்ணுக்கே சாப்பாடு.

"ஏனுங்க அம்மணி, பூத்த வெள்ளாமையப் போயி உழுவறீங்களே. மாட்டுக்காச்சும் போடலாமில்லீங்க?" என்று பக்கத்துக் காட்டுக்காரர் என் கடையில் வைத்துக் கிண்டல் செய்தார்.

"மொதல்ல மண்ணு திங்கட்டுமுங்க. மாடு அப்பறம் திங்கும்." விதைப்பையை மொபெட்டில் ஏற்றிக்கொண்டே அக்கா சொன்ன பதில்.

சில வருஷத்தில் ரோட்டுக்கு மண் வருவது நின்றது. மக்காச்சோளக் கதிர் கைக்கு அடங்காமல் விளைந்தது. ஒரு கதிரை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

காடு தேறியதும் நிலத்துக்காரருக்குக் காடு ஞாபகம் வந்துவிட்டது.

"பையன் இயற்கை விவசாயம் பண்றேங்கறான் அம்மணி. காட்ட உட்ருங்க."

சணப்பு அப்போது மொட்டு விட்டிருந்தது. அக்கா சண்டை போடவில்லை. பேச்சுக்கு நானும் கூடப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"உட்டர்றனுங்க. பூவெடுத்தொடனே மடக்கி உழுதுபோட்டுப் போயிர்றனுங்க. முத்திப்போச்சுன்னா நாராயிருமுங்க."

"அதெல்லாம் பையன் பாத்துக்குவான்."

பையன் நன்றாகவே பார்த்துக்கொண்டான். காடே மஞ்சளாகப் பூத்ததும் கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவழைத்துத் தன் கல்யாண போட்டோஷூட் நடத்தினான். டிரோன் எல்லாம் பறந்தது. உங்களில் பலபேர் அதற்கு லைக் போட்டீர்கள்.

அதற்குள் செடி முற்றி நாராகி, டிராக்டரின் ரொட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டது. வெட்டிக் கொளுத்தினார்கள். அப்புறம் டிராக்டருக்கு வசதி என்று சரிவோடு மேலிருந்து கீழாக உழுதார்கள்... அடுத்த பெருமழையில் மண் மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா மறுபடி கூலி வேலைக்குப் போனது அதே ரோட்டில்தான். ஒருநாள் கடை முன்னால் மொபெட்டை நிறுத்தினார்.

"எம்பட மண்ணு மேல வண்டிய ஏத்தறதுக்குத்தான் கஷ்டமா இருக்குதுங்க தம்பி."



இன்றைக்கு நிலத்துக்காரர் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார். அக்கா படம், பின்னால் அந்த மஞ்சள் பூ. 'எங்கள் மண்ணைக் காத்த உழைப்பாளி'யாம்.

அடக்கம் செய்த இடமும் சரிவுதான். கடையிலிருந்து ஒரு கைப்பிடி சணப்பு எடுத்துப் போயிருந்தேன். தூவிவிட்டு வந்தேன்.

போயிட்டு வாங்க அக்கா. அந்த இடத்தை யாரும் திருப்பிக் கேட்க மாட்டாங்க.