கிரகணத்தன்று வாசலுக்கு வந்தவள்

போன வாரம் மகன் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றான். மேலுதட்டில் அந்தத் தையல் தழும்பு. எனக்கு உடனே ஏலக்காய் வாசம் அடித்தது. சிரிக்காதீர்கள், போடிக்காரிக்கு எதை நினைத்தாலும் முதலில் அதுதான் வரும்.

ஐம்பதுகளில் நான் அங்கே பள்ளிக்கூட டீச்சர். எங்கள் முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து வியாபாரிகளுக்கு ஏலக்காய் தரம் பிரிப்பார்கள். வகுப்பில் பூமி உருண்டை என்றேன், பிள்ளைகள் நம்பவில்லை. விளக்கு முன்னால் தாம்பாளத்தைச் சாய்த்தேன், சுவரில் நிழல் கோடாக ஒல்லியானது. கமலா ஆரஞ்சை எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். கிரகணத்தன்று நிலாவில் விழும் பூமியின் நிழலைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தேன்.

அப்போது எனக்கு ஏழு மாதம். அன்றைக்கு மாமியார் ஏலக்காய் மூட்டை மேல்கூடத் தர்ப்பை கிள்ளிப் போட்டுவிட்டு, நிலைப்படியை மறித்தாள்.

"வெளிய காலு வச்சே, பிள்ளைக்கு ஒதடு மூளியாப் போகும் தாயி."

"பிள்ளைக காத்துக்கிட்டிருக்குக அத்தை. நகருங்க."

போனேன். வயல்களுக்கு மேலே, ஓரம் பிய்த்த தோசை மாதிரி நிலா ஏறியது. பிய்ந்த விளிம்பு வளைவாகவே இருந்தது. எனக்கு வந்த கர்வத்தைக் கேட்காதீர்கள்.

மகன் பிளந்த உதட்டோடு பிறந்தான். பால் உறிஞ்ச முடியாது, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். "பூமி உருண்டைன்னு காட்டப் போயி எம் பேரனை மூளியாக்கிட்டா" என்று மாமியார் முற்றத்துப் பெண்களிடம் சொன்னாள். ஒரு கணம் எனக்கே சந்தேகம் தட்டியது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

மதுரையில் உதட்டைத் தைத்த டாக்டரம்மா சொன்னார்: "ஒதடு சேர்றது மூணாம் மாசத்துக்குள்ளயே முடிஞ்சிரும். ஏழாம் மாசத்துல நிலா என்ன பண்ணும்?"

மாமியாரிடம் சொன்னேன். "அவளா பிள்ளை பெத்தா?" என்றாள்.

அடுத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது இன்னொரு கிரகணம் வந்தது. இந்தத் தடவை இரண்டாம் மாதம், உதடு உருவாகிற நேரம். வேண்டுமென்றே போய் நின்றேன். மகள் முழு உதட்டோடு பிறந்தாள்.

"நான் முருகனுக்கு நேந்துக்கிட்டேன், அதான்" என்றாள் மாமியார்.

அந்த முற்றம் இப்போது லாட்ஜ். தரம் பிரித்த பெண்கள் இல்லை, ஏலக்காயை வேறெங்கோ எந்திரம்தான் சலிக்கிறது. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசிவரை "ஒன் தப்பில்ல தாயி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் தப்பில்லைதான். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் மட்டும் சொல்லியிருக்கலாம்.