எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நான்கு வாரங்கள்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரைக்கும் போன முதல் ஆள் நான். இதை நானே சொல்லக் கூடாது என்பார்கள். வேறு யாராவது சொல்வார்களா என்று காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். படித்து முடித்ததும் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது. எளிதில் மாற்றிக் கட்ட முடியாத பழைய வீடுகளைக் கரிப்புகை இல்லாமல் எப்படிச் சூடாக்குவது என்பதுதான் ஆராய்ச்சி. பணம் கொடுத்தது ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம். ஆராய வேண்டிய இடம், மலாய் நாட்டு வெயிலில் காயும் எங்கள் கெடா மாநிலம்.

அவர்கள் அனுப்பிய படிவத்தின் முதல் கேள்வி: குளிர்காலத்தில் உங்கள் வீட்டைத் தினமும் எத்தனை மணி நேரம் சூடாக்குகிறீர்கள்? மெர்கோங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையில், மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, அதைத் தமிழிலும் மலாயிலும் மொழிபெயர்த்தேன். பண்டார் பாருவுக்குப் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தில், முதல் வீட்டில் அதை வாசித்தபோது, அந்த வீட்டு அண்ணன் சட்டையில்லாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் சூடாக்கணுமா தங்கச்சி? கூரையைத் தொட்டுப் பாருலா" என்றார்.

என் பேராசிரியர் கெட்டிக்காரர். பணத்தைத் திருப்பி அனுப்புவதைவிடக் கேள்வியை மாற்றுவது சுலபம் என்று கண்டுகொண்டார். வீட்டைச் சூடாக்குவதை விட்டுவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குவதை ஆராய்வோம் என்றார். அது நியாயமாகவே இருந்தது. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் சமையலுக்கு கேஸ் இருக்கிறது. ஆனால் வயதானவர்கள் குளிக்கவும், பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றவும் வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பில்தான் அண்டா ஏறும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது கிடைத்த விறகு இன்னும் சில வீடுகளில் அடுக்கிக் கிடக்கிறது.

எளிதில் மாற்ற முடியாத வீடு என்றால் என்ன என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் அதில்தான் வளர்ந்தேன். வீடு கம்பெனியுடையது, சுவரில் ஓட்டை போட ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியிடம் கடிதம் வாங்க வேண்டும். கூரை மேல் சூரியத் தகடு வைத்தால் தகடும் கூரையும் சேர்ந்து உள்ளே வந்துவிடும். குளியலறை ஹீட்டருக்குக் குழாயில் வேகம் போதாது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளி, பல மாதம் கழித்து நாங்கள் கண்டடைந்தது, பிளக்கில் சொருகும் மின்சாரக் கொதிகலன். கோயில் விருந்தில் தேத்தண்ணீர் போட வைப்பார்களே, அதே சாமான். அறிக்கையில் அதற்கு இரண்டு வரி நீளத்துக்குப் பெயர் வைத்தோம்.

ஆறு வீடுகளைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வீடுகளுக்குக் கொதிகலன், மூன்று வீடுகள் ஒப்பிட்டுப் பார்க்க. ஆறு அடுப்புகளிலும் வெப்பமானி கட்டினேன். நான்கு வாரம். கொதிகலன் வீடுகளில் அடுப்பு ஆறிக் கிடந்தால் என் வேலை இரண்டு வருடத்துக்கு நீளும், இல்லாவிட்டால் அந்த மாதத்தோடு சரி. இதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். கொதிகலன் கிடைத்த மூன்று வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. அக்கா பிள்ளை பெற்று அங்கே வந்திருந்தாள், தினமும் இலை போட்டுக் கொதித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கே வெற்றி பெற்றால் எங்கும் பெறலாம் என்று பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன்.

முதல் மூன்று வாரக் கணக்கு அருமையாக வந்தது. எங்கள் வீட்டு அடுப்பு ஒருநாள்கூடச் சூடாகவில்லை. ஒப்பிட வைத்த பக்கத்து வீட்டில் மட்டும் அடுப்பு இரண்டு மடங்கு நேரம் எரிந்திருந்தது. மழைக்காலத்தில் சுடுதண்ணீர் தேவை கூடுகிறது என்று அதற்கு ஒரு பத்தி விளக்கம் எழுதினேன். நல்ல பத்தி.

நான்காவது வாரச் சனிக்கிழமை காலை, சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். பின்னால் எங்கள் அடுப்பு கூட்டித் துடைத்து, சாமி மாடம் மாதிரி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அடுப்பின் முன் அம்மா குனிந்து ஊதிக்கொண்டிருந்தார். மேலே எங்கள் அண்டா. உள்ளே நொச்சி இலை.

"என்னம்மா இது?"

"இன்னும் மூணு நாள்தானே இருக்கு. இப்ப ஏன் வந்த?" என்றார் அம்மா.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "எங்க அடுப்பு எவ்ளோ எரிஞ்சாலும் பரவால்லன்னு நீதானே சொன்ன. அதான் உங்கம்மாவ வரச் சொன்னேன். எங்களுக்கு மார்க் வேணாம்லா."

"கொதிகலன் என்ன ஆச்சு?"

ஜன்னல் வழியாக என் அக்கா பதில் சொன்னாள். "அதைப் போட்டா மீட்டர்ல கட்டை விழுந்து, கரண்ட் போயி ஃபேன் நிக்குது. ஃபேன் நின்னா இவன் கத்துறான். நீ வந்து தூக்கி வச்சிக்கிறியா?"

"இலை போட்டா உள்ள கறை புடிக்கும்டி" என்றார் அம்மா. "யுனிவர்சிட்டி சாமான். திருப்பிக் கேட்டா உன்னைத்தானே கேப்பாங்க. பத்திரமா துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. என் பரீட்சைகளுக்கெல்லாம் அவரால் செய்ய முடிந்தது மைலோ கலக்கிக் கொடுப்பது மட்டும்தான். இந்த ஒரு பரீட்சையில் நேரடியாக உதவ வழி கிடைத்ததும் விடவில்லை.

மெர்கோங்குக்குத் திரும்பும் பஸ்ஸில், யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். எண்கள் சுத்தமாக இருந்தன, பொய் சொன்னது நான் இல்லை. ஆனால் நான் எந்தப் பரீட்சையிலும் பார்த்து எழுதியதில்லை. அந்த மழைப் பத்திக்குக் கீழே என் பெயர் இருப்பதை நினைத்தால் உடம்பு கூசியது. நேர்மை என்று சொல்ல ஆசைதான். கர்வம் என்பதே சரி. திங்கட்கிழமை பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர், இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்றார். அவ்வளவு முக்கியம் என்பதால் எங்கள் வீட்டுக் கணக்கையும் பக்கத்து வீட்டுக் கணக்கையும் அடித்துவிட்டு, தனி வயர் இழுத்து மறுபடி சோதிக்கச் சொன்னார். இரண்டு வருடம் நீளும் என்றிருந்த வேலை மூன்று மாதமாகக் குறைந்தது.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அப்ப ஃபெயிலா?"

"நம்ம வீட்டுக் கணக்க எடுத்துட்டாங்கம்மா."

"நான் செஞ்சதாலயா?"

"ஆமா."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பின்னால் குழந்தை அழுவது கேட்டது.

"வயர் இழுக்க கிராணிகிட்ட நான் போய்க் கேக்குறேன்" என்றார். "அந்தச் சாமான்ல வெறும் தண்ணிய கொதிக்க வச்சி, குண்டான்ல இருக்கற இலை மேல ஊத்தி மூடி வச்சா சாறு இறங்கிடும். கறையும் புடிக்காது."

நாங்கள் பல மாதம் ஆராய்ந்தும் யாருக்கும் தோன்றாத வழி அது.

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீ கேக்கலையே. அடுப்பு சூடாகக் கூடாதுன்னு மட்டும்தான் சொன்ன."